"குணமாக்கும் என்று சொல்லவில்லையே": சிபிடி எண்ணெய் விளம்பரத்தை நம்பலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் வலியால் தூக்கம் இல்லை. இதயத் துடிப்புக் கோளாறுக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். இணையத்தில் ஒரு சிபிடி (கஞ்சா இனச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத பொருள்) எண்ணெய் விளம்பரம் பார்த்தார். "மூட்டுகளின் இயல்பான இயக்கத்துக்கு உதவும். ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டது" என்று போட்டிருக்கிறார்கள். நோயைக் குணமாக்கும் என்று பொய் சொல்லவில்லையே, வாங்கித் தா என்கிறார். வாங்கலாமா டாக்டர்?

பதில்: வாங்க வேண்டாம். காரணம் வார்ஃபரின். கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் சிலவற்றை சிபிடி மந்தப்படுத்தும். வார்ஃபரின் உடலில் தேங்கி, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) ஏறி, ரத்தக்கசிவு வரலாம். விளம்பரத்தில் இது இருந்ததா என்று அம்மாவிடமே கேளுங்கள்.

இப்போது அந்த வாசகத்துக்கு வருவோம். "குணமாக்கும்" என்று எழுதாதது நேர்மையால் அல்ல. நோயின் பெயரைச் சொல்லி "தீர்க்கும்" என்றால் அது மருந்து ஆகிவிடும், ஆதாரம் காட்ட வேண்டும். "இயல்பான இயக்கத்துக்கு உதவும்" என்றால் நழுவிவிடலாம். அமெரிக்காவில் 1994-இல் ஊட்டச்சத்து மாத்திரைகளுக்காக வந்த சட்டம் பழக்கிவிட்ட மொழி இது. என்னிடம் இப்படி விளம்பரத்தோடு வருபவர்களிடம் செல்போனைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, "அதில் என்ன எழுதியிருந்தது?" என்று கேட்பேன். "முட்டிவலி போயிடுமாம் டாக்டர்" என்பார்கள். "இயல்பான இயக்கம்" என்ற சொல் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. நரைத்த தலையோடு ஒரு பெண்மணி படியேறும் படம்தான் மனதில் நிற்கிறது. எழுதாத வாக்குறுதியை வாசிப்பவரே எழுதிக்கொள்கிறார், விற்பவருக்கு வேண்டியதும் அதுதான்.

சரி, "ஆய்வகப் பரிசோதனை"? புட்டியில் என்ன இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும், வலி குறையுமா என்பதை அல்ல. உள்ளே இருப்பதைக்கூட நம்ப முடிவதில்லை. 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருள்களைச் சோதித்தார்கள். லேபிளில் போட்ட அளவு ஏறக்குறைய சரியாக இருந்தது 31 சதவீதத்தில்தான். 18 பொருள்களில் போதை தரும் டிஎச்சி-யும் இருந்தது.

"அப்படியானால் சிபிடி மருந்தே இல்லையா?" என்று கேட்பீர்கள். மருந்துதான், ஆனால் வேறு நோய்க்கு. 2018 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எபிடியோலெக்ஸ் என்ற சிபிடி மருந்தை, லெனாக்ஸ்-காஸ்டோ, டிராவே என்ற இரண்டு அரிய வலிப்பு நோய்களுக்கு அனுமதித்தது. 2020-இல் இன்னொரு அரிய நோயில் வரும் வலிப்பும் சேர்ந்தது. அளவைப் பாருங்கள்: உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கி, தினம் 10, தேவைப்பட்டால் 20 வரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 10 என்றால் 600 மில்லிகிராம். மருந்தைத் தொடங்கும் முன்பும் இடையிடையேயும் கல்லீரல் பரிசோதனை கட்டாயம். இந்த மருந்தின் பெயரைத்தான் விளம்பரக்காரர்கள் "அரசே ஒப்புக்கொண்டது" என்று இழுத்துவந்து, ஒரு வேளைக்கு இருபது முப்பது மில்லிகிராம் எண்ணெயை முட்டிவலிக்கு விற்கிறார்கள். குழந்தையின் வலிப்பை அடக்கியதற்கும் உங்கள் அம்மாவின் மூட்டுத் தேய்மானத்துக்கும் என்ன சம்பந்தம்?

இதைவிட மோசம் இடைத்தரகர்கள். "பத்து எண்ணெய்களை ஒப்பிட்டோம்" என்று எழுதும் தளங்கள், "எனக்கு வலி போயே போச்சு" என்று வீடியோ போடுபவர்கள். கீழே தள்ளுபடிக் குறியீடு இருந்தால், நீங்கள் வாங்கும் ஒவ்வொரு புட்டிக்கும் அவருக்குக் கமிஷன் போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு என்ன செய்கிறது? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பல ஆண்டுகளாக எச்சரிக்கைக் கடிதம் அனுப்புகிறது, கம்பெனிகள் வாசகத்தை மாற்றிக்கொள்கின்றன. கடைசியில் 2023 ஜனவரியில், இருக்கிற விதிகள் சிபிடிக்குப் போதாது, புது வழி வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்திடம் கேட்டது. 2018 டிசம்பரில் அங்கே ஹெம்ப் (டிஎச்சி மிகக் குறைந்த கஞ்சா வகை) பயிருக்குத் தடை நீங்கியபோதே யோசித்திருக்க வேண்டிய விஷயம் இது! இந்தத் தாமதத்தின் விலையை வலியில் இருப்பவர்கள்தான் கொடுக்கிறார்கள், எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அம்மாவின் வலி நிஜம், அதை அலட்சியப்படுத்தாதீர்கள். தொடைத்தசையை வலுவாக்கும் பயிற்சிக்கு பிசியோதெரபிஸ்ட்டிடம் அழைத்துப் போங்கள். வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், வார்ஃபரினோடு ஐபுப்ரோஃபென் சேரவே கூடாது. அப்புறம், உங்களுக்குத் தெரியாமல் அவர் அந்த எண்ணெயை ஏற்கெனவே வாங்கிக் குடித்திருந்தால் திட்டாதீர்கள். எத்தனை நாள், எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு, புட்டியோடு டாக்டரிடம் போய் உடனே ஐஎன்ஆர் பாருங்கள். வார்ஃபரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.