வீட்டை விற்கப் போகிறீர்களா? முதலில் ஃபைலைத் திறந்து பாருங்கள்

வீடு விற்பனை பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பெயின்ட், டைல்ஸ், கிச்சன் பற்றியவை. வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பீடு செய்வது என் வேலை. பேசி முடித்த வியாபாரம் பாதியில் நிற்பதை நிறைய பார்த்துவிட்டேன். அநேகமாக அதற்குக் காரணம் ஒரு காகிதமாக இருக்கும், இல்லாவிட்டால் மறைத்து வைத்த ஈரமாக இருக்கும். சுவரின் நிறம் பிடிக்காமல் ஓடிப்போனவர்கள் மிகக் குறைவு. அதனால் பதில்களிலும் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மேற்கு மாம்பலம் வாசகி: முப்பது வருட ஃப்ளாட், மேல் மாடி. விற்பதற்கு முன் இரண்டு லட்சம் செலவழித்து பெயின்ட், மாடுலர் கிச்சன் எல்லாம் செய்யலாமா?

கிச்சன் வேண்டவே வேண்டாம். வாங்குகிறவர் தன் ருசிக்கு அதை உடைத்துத்தான் கட்டுவார். உங்கள் லட்சம் அவருக்கு இடிபாடு.

பெயின்ட்டுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் சுவர்களை உள்ளங்கையால் தடவிக்கொண்டே வீட்டைச் சுற்றி வாருங்கள். பாத்ரூம் சுவரின் மறுபக்கம், ஜன்னலுக்குக் கீழே, பீரோவுக்குப் பின்னால், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே உள்ள கூரை, இந்த நான்கு இடங்களை விடாதீர்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அது உப்பு. உள்ளே ஈரம் ஏறி, சுவர் உலரும்போது உப்பை வெளியே தள்ளியிருக்கிறது. சாவியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றாகக் கேட்டால் பூச்சு கல்லை விட்டுவிட்டது. இதன் மேல் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் கொஞ்ச நாளில் கொப்புளம் கிளம்பும். அதற்குள் விற்றுவிடலாம் என்று சில பெயின்டர்களே சொல்வார்கள், கேட்காதீர்கள். அனுபவமுள்ள மதிப்பீட்டாளருக்குப் புதுப் பெயின்ட் அடித்த ஒற்றைச் சுவரைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிடும்.

முதலில் தண்ணீர் வரும் வழியை அடைத்துவிடுங்கள். மேல் மாடி என்பதால் மொட்டைமாடியில் ஏறிப் பாருங்கள். தட்டோட்டின் இடுக்குகளில் விரிசல் இருக்கிறதா, மழைநீர்க் குழாயின் வாயில் இலை அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் பூச்சு பிளந்திருக்கிறதா? மொட்டைமாடி பொதுச் சொத்து. அந்தச் செலவை அசோசியேஷனில் பேசுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள். கசிவை நிறுத்தி, விட்டுப்போன பூச்சைக் கொத்தி, சுவரை நன்றாகக் காயவிட்டு, புதுப் பூச்சு பூசி, அதுவும் காய்ந்த பிறகுதான் பிரைமர். சென்னையில் இதற்கு நல்ல காலம் தை முடிந்து வெயில் ஏறும்போது. ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பித்தால் சுவர் காயவே காயாது.

மிச்சப் பணத்தில் சொட்டும் குழாய், ஓடிக்கொண்டே இருக்கும் ஃப்ளஷ் டேங்க், வேலை செய்யாத சுவிட்ச், கிழிந்த கொசுவலை, மழைக்கு ஊதி மூடாத கதவு இவற்றைச் சரிசெய்யுங்கள். மொத்தமாக ஒரே வெளிர் நிறம் அடித்தால் போதும்.

பெரம்பூர் வாசகர்: அப்பா 1984இல் சொந்தமாக வாங்கிய வீடு. உயில் எழுதாமல் 2019இல் காலமானார். அம்மா, நான், கோவையில் திருமணமாகிப் போன அக்கா. அக்கா "எனக்கு எதுவும் வேண்டாம்" என்கிறாள். அவள் கையெழுத்து இல்லாமல் விற்கலாமா?

முடியாது. முயற்சியும் செய்யாதீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனார் தானே சம்பாதித்த (சுயார்ஜித) சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. கல்யாணம் ஆகிவிட்டதா, சீர் செய்தாயிற்றா என்றெல்லாம் சட்டம் கேட்பதில்லை. அப்பா இறந்தபோது பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு வாங்குகிறவரின் வக்கீல் பிடித்துவிடுவார்.

வழி இரண்டு. ஒன்று, வாரிசுகள் எல்லோரும் விற்பவர்களாகக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது. மற்றது, அக்கா தன் பங்கை உங்களுக்கோ அம்மாவுக்கோ விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுப்பது. வாய்ச்சொல், வெள்ளைத்தாள், வாட்ஸ்அப் எதுவும் செல்லாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அக்காவை "சும்மா ஒரு கையெழுத்து" என்று கூப்பிடாதீர்கள். என்ன விலைக்குப் பேசியிருக்கிறீர்கள், அவள் பங்கு எவ்வளவு என்று சொல்லி, அதன்பின் கேளுங்கள். வேண்டாம் என்று அப்போதும் சொன்னால் அது அவள் முடிவு. தெரியாமல் போட்ட கையெழுத்து பிற்பாடு கோர்ட்டுக்கும் போகும், அதைவிட மோசமாக வீட்டுக் கல்யாணங்களுக்கும் போகும்.

காகித வேலை: தாசில்தாரிடம் வாரிசு சான்றிதழ், வாரிசுகள் பெயருக்குப் பட்டா மாற்றம், சொத்து வரி மற்றும் மெட்ரோ வாட்டர் பாக்கி தீர்த்த ரசீதுகள். பத்திரத்தில், பட்டாவில், ஆதாரில் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வரிக்கு வரி பாருங்கள். வில்லங்கத்தை, அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரங்களை (ஈசி என்பது இதற்கான சான்றிதழ்), பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். 1984க்கு முன்பிருந்தே பாருங்கள்.

வரி விஷயத்தில் உங்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பையே வாங்கிய விலையாகக் கணக்கிடலாம். அதே தேதியின் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பை, தாண்டக் கூடாது, அவ்வளவுதான். அப்பா கொடுத்த பழைய விலையைப் போட்டு அநியாயத்துக்கு வரி கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கி ஆடிட்டரிடம் கொடுங்கள். 12.5 சதவீதமா, பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதமா, எது குறைவு என்று அவர் பார்த்துச் சொல்வார்.

அண்ணாநகர் வாசகர்: ஆடி மாதம் விளம்பரம் கொடுக்கலாமா?

கொடுங்கள். ஆடியில் பார்த்து, பேசி, ஆவணியில் பத்திரம் முடிப்பவர்கள் ஏராளம். வாங்குகிறவருக்கு வங்கிக் கடன் கிடைக்கவே சில வாரங்கள் ஆகும்.

வேளச்சேரி வாசகர்: தரைத்தள வீடு. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாமிலும் தண்ணீர் உள்ளே வந்தது. வாங்க வருபவரிடம் சொல்ல வேண்டுமா? விலை விழுந்துவிடுமே.

சொல்லுங்கள். விற்பவருக்குத் தெரிந்து, வாங்குகிறவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளைச் சொல்லியாக வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். வேளச்சேரியில் வீடு வாங்க வருபவர் முதலில் கேட்பதே இதைத்தான். உங்களிடம் கேட்டுவிட்டு, இறங்கிப் போகும்போது தெருமுனை அயர்ன்காரரிடமும் கேட்பார். அவர் எந்த வருடம், எந்தப் படி வரைக்கும் என்று விரலால் காட்டுவார். அப்போது நீங்கள் சொன்ன மற்ற எல்லாமே பொய்யாகத் தெரியும்.

தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, எத்தனை நாள் நின்றது, அதன்பின் என்ன செய்தீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஈபி மீட்டர் போர்டையும் கீழ் பிளக் பாயின்ட்டுகளையும் மேலே ஏற்றினீர்களா, சம்ப் மூடியின் விளிம்பை உயர்த்தினீர்களா, சாக்கடை திரும்பி வராமல் வால்வு போட்டீர்களா? இன்னும் செய்யவில்லை என்றால் கிச்சனுக்கு ஆகும் செலவை இதில் போடுங்கள். விலை கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் தெரிந்து வருகிறவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பின்வாங்க மாட்டார்.

ஆவடி வாசகர்: மாடியில் ஷீட் போட்டு ஓர் அறை கட்டியிருக்கிறேன். பிளானில் இல்லை. அதையும் சதுர அடியில் சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள். வாங்குகிறவர் கடனில் வாங்கினால், வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் அங்கீகரித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அளப்பார். வரைபடத்தில் இல்லாததை அறிக்கையில் குறிப்பிடுவார், பெரும்பாலும் மதிப்பில் சேர்க்க மாட்டார். கடன் குறையும், பேரம் கலையும். முதல் நாளே "இது அனுமதியில்லாத அறை" என்று சொல்லிவிடுங்கள்.

மயிலாப்பூர் வாசகி: பேசிய விலையில் பாதியைப் பத்திரத்தில் காட்டி, மீதியை ரொக்கமாகத் தருவதாக வாங்குகிறவர் சொல்கிறார். எல்லோரும் இப்படித்தானாமே?

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதை மிச்சம் பிடிக்கத்தான் அவர் இப்படிக் கேட்கிறார். மிச்சம் அவருக்கு, ஆபத்து உங்களுக்கு. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாக விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த ரொக்கத்தை வைத்து நீங்கள் நேர்வழியில் இன்னொரு வீடும் வாங்க முடியாது. முழு விலையையும் வங்கி வழியாக வாங்குங்கள். வீட்டின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிறவர் விலையில் 1 சதவீதத்தை முன்கூட்டிய வருமான வரியாக (டிடிஎஸ்) பிடித்து உங்கள் பெயரில் கட்ட வேண்டும். அதைக் கட்டினாரா என்று உங்கள் பான் கணக்கில் பாருங்கள்.

போரூர் வாசகி: ஃப்ளாட் சிங்கப்பூரில் இருக்கும் மகன் பெயரில். அவர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் (பவர்) வாங்கி நான் விற்கலாமா?

விற்கலாம். மகன் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பதிவன்று, பவர் கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள். வெளிநாட்டில் குடியிருப்பவர் விற்றால் அந்த 1 சதவீத டிடிஎஸ் பொருந்தாது, அதைவிட அதிகம் பிடிக்க வேண்டும். குறைவாகப் பிடிக்க வருமான வரித்துறையிடம் சான்றிதழ் வாங்கலாம். அது கைக்கு வர நாளாகும் என்பதால் ஆள் பார்ப்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் சொல்லிவையுங்கள்.

தாம்பரம் வாசகர்: வீட்டுக்கடனை முழுக்கக் கட்டிவிட்டேன். ஆனாலும் ஈசியில் வங்கி பெயர் இருக்கிறது. ஏன்?

கடன் வாங்கும்போது அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததை ஓர் ஆவணமாகப் பதிவு செய்திருப்பீர்கள். கடன் தீர்ந்ததும் அது தானாக நீங்காது. கடன் தீர்ந்தது என்று வங்கி ரசீது ஆவணம் பதிவு செய்து தர வேண்டும். கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. எழுத்தில் கேளுங்கள். பத்திரங்கள் கைக்கு வந்ததும், கடன் கொடுத்தபோது தந்த பட்டியலை வைத்துத் தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் பழைய பத்திரம்) உட்பட எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகச் சரிபாருங்கள். ரசீது பதிவானதும் புது ஈசி எடுத்து ஃபைலில் வையுங்கள்.