சேர்க்கைப் படிவத்துக்கு முன்

கேள்வி: ஆக்லாந்தில் வசிக்கும் நாங்கள் இந்துக்கள். ஆறாம் ஆண்டு முடிக்கும் மகளைச் சிறிய கத்தோலிக்க இடைநிலைப் பள்ளி ஒன்றில் சேர்க்க எண்ணுகிறோம். பள்ளிக் கையேட்டில் நற்செய்தி, பணிவிடை, மனிதக் கண்ணியம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். இவை வெறும் அலங்காரச் சொற்களா? மகளை மதம் மாற்றிவிடுவார்களோ என்று என் மாமியார் அஞ்சுகிறார்.

பதில்: அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது, அச்சொற்களுக்குப் பின்னால் சட்டமே இருக்கிறது. ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்க, நிலமும் கட்டடமும் திருச்சபையின் பொறுப்பில் நீடிக்க, பள்ளியின் 'சிறப்புத் தன்மை' காக்கப்படும் என்ற உடன்பாட்டின் பேரில்தான், 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக நியூசிலாந்தின் கத்தோலிக்கப் பள்ளிகள் அரசுக் கல்வி அமைப்புக்குள் வந்தன. கையேட்டில் நீங்கள் படித்தது அந்தச் சிறப்புத் தன்மையைத்தான்.

அன்றாடத்தில் அது மிக எளிமையாகவே தென்படும். பல பள்ளிகளில் காலை வகுப்பு, பிள்ளைகள் சிலுவை அடையாளமிட்டு, சில நாள் நியூசிலாந்துப் பழங்குடியினரின் மாவோரி மொழியிலேயே சொல்லும் கராகியா என்ற மன்றாட்டுடன் தொடங்கும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் காரித்தாஸ் என்ற கத்தோலிக்க அறப்பணி அமைப்புக்காக உண்டியல் சுற்றிவரும். சுவரில் 'மனாகிதங்கா' என்ற மாவோரிச் சொல் எழுதியிருக்கக்கூடும். வந்தவரை மதித்துப் பேணுதல் என்பது அதன் பொருள். நம் விருந்தோம்பலுக்கு இவ்வளவு நெருக்கமான வேற்றுமொழிச் சொல்லை நான் அதிகம் கண்டதில்லை. மாமியாரிடம் முதலில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அவருடைய அச்சத்துக்கும் சட்டத்தில் விடை உண்டு. பெற்றோர் விரும்பாவிட்டால், மாற்றுச் சமயப் பிள்ளையைக் குறிப்பிட்ட வழிபாடுகளில் பங்கேற்குமாறு பள்ளி கட்டாயப்படுத்தக் கூடாது. ஆயினும், பள்ளியின் சிறப்புத் தன்மைக்கு அடிப்படையான பொதுத் திட்டத்தில் பங்கேற்க வேண்டும் என்பது சேர்க்கையின் நிபந்தனை. ஒழுக்கமும் சிறிய வகுப்பும் போதும், மறைக்கல்வி எனும் சமயப் பாடத்தின் வாடையே வேண்டாம் என்று நினைத்தால், அருகிலுள்ள அரசு இடைநிலைப் பள்ளியே உங்களுக்கு ஏற்றது என்பேன்.

உண்மையான சிக்கல் வேறு. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கே முன்னுரிமை. மற்றவர்களுக்கான இடங்கள் பெரும்பாலும் மொத்தத்தில் 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். 120 பேர் படிக்கும் பள்ளியென்றால் ஆறே இடங்கள். பள்ளியின் நிலம், கட்டடச் செலவுகளுக்காகப் பெற்றோர் கட்டாயமாகச் செலுத்த வேண்டிய 'அட்டென்டன்ஸ் டியூஸ்' தொகையையும் கேட்டறியுங்கள். தவிர, இடைநிலை என்பது 7, 8ஆம் ஆண்டுகள் மட்டுமே. கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளிலும் இத்தகைய உச்சவரம்பு இருப்பதால், ஒன்பதாம் ஆண்டுக்கு எங்கே அனுப்புவது என்பதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள்.