33550336 ஏன் நிறைவெண்?

மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்து ஐம்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு. இதை ஏன் நிறைவெண் என்கிறார்கள்? ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்களில் அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டுங்கள். அதே எண் திரும்பி வந்தால் அது நிறைவெண். 6-க்கு 1+2+3=6.

தராசின் ஒரு தட்டில் எண், மறு தட்டில் அந்தக் காரணிகள் என்று வையுங்கள். 8-க்கு 1+2+4=7, காரணித் தட்டு மேலே போகும். 12-க்கு 16, கீழே இறங்கும். 6, 28, 496, 8128 ஆகியவற்றுக்கு முள் நேராக நிற்கும். அப்புறம் நிற்பது இந்த எண்ணுக்குத்தான்.

காரணம் அவ்வளவு அழகு. இது 4096 × 8191. இதில் 8191 பகா எண். 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 4096 வரை கூட்டினால் சரியாக 8191 வரும். மீதமுள்ள காரணிகள் 8191-இன் 1, 2, 4 என 2048 வரையிலான மடங்குகள். மொத்தம் 4095 மடங்கு. முதலில் வந்த ஒரு 8191-ஐயும் சேர்த்தால் 4096 மடங்கு. சரி, அதுதானே நம் எண்! இந்த வழியைப் பொதுவாகவே நிறுவிக் காட்டியவர் கிரேக்கத்து யூக்ளிட்.

பகா எண் எண்ணிக்கையில் 2-களை ஒன்றோடொன்று பெருக்கி 1-ஐக் கழித்தால் எப்போதும் பகா எண்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். 13 இரண்டுகளுக்கு 8191 வருவது உண்மை, ஆனால் 11 இரண்டுகளுக்கு வரும் 2047 என்பது 23 × 89.