அண்ணனின் காதும் மூன்றாவது காதும்

வணக்கம்.

‘தனிச்செய்திச் செயலிகளுக்குள் செயற்கை நுண்ணறிவுக்கு இடமே இல்லை’ என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். என் அண்ணனுக்கு இரண்டு காதும் கேட்காது. அலுவலக நண்பர்கள் ஆங்கிலத்தில் அனுப்பும் குரல்பதிவுகளை முன்பெல்லாம் என்னிடம்தான் நீட்டுவார். நான் கேட்டு எழுதிக் காட்டுவேன். இப்போது வாட்ஸப்பே அதை எழுத்தாக்கித் தந்துவிடுகிறது. அவர் போனை என்னிடம் கொடுத்தே பல மாதங்கள் ஆகின்றன. உங்கள் கட்டுரையைக் காட்டினேன். படித்துவிட்டு, “எழுதினவருக்குக் காது நல்லாக் கேக்கும்போல” என்றார்.

இன்னொரு பக்கம், எங்கள் பள்ளித் தோழிகள் குழுவில் ஒருத்தி, படிக்காமல் விட்ட செய்திகளையெல்லாம் ஏஐ சுருக்கித் தந்தால் நன்றாக இருக்குமே என்கிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒரே ஏஐதானே? ஒன்றை வேண்டும் என்றும் மற்றொன்றை வேண்டாம் என்றும் சொல்கிறேனே, இது முரண்பாடு இல்லையா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அண்ணன் சொன்னது சுருக்கென்று பட்டது. ‘இடமே இல்லை’ என்ற வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தக் கட்டுரையைக் கோபத்தில் எழுதினேன். நான் தினமும் பயன்படுத்தும் செயலி ஒன்றில் ஒரு நாள் காலை ஏஐ பொத்தான் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. அதை நீக்க வழி தேடி அரை நாள் போனதுதான் மிச்சம். கோபத்தில் எழுதுவதில் பிழை வராமல் இருக்காது.

அந்தரங்கத்தில் கறாரான சிக்னல் செயலியே இதற்கு மறுப்பு. 2020 ஜூனில், போராட்டப் படங்களைப் பகிர்கிறவர்களுக்காக, படத்திலிருக்கும் முகங்களைத் தானே கண்டுபிடித்து மங்கலாக்கும் வசதியை அது சேர்த்தது. முகத்தைக் கண்டுபிடிப்பதும் ஏஐயின் ஒரு வகையான இயந்திரக் கற்றல்தான். ஆனால் எல்லாம் போனுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும், படம் வெளியே போகாது. அண்ணனுக்கு உதவும் வசதியும் இந்த வகைதான். 2024 நவம்பரில் வாட்ஸப் அதை அறிவித்தபோது, எழுத்தாக்கம் போனிலேயே நடக்கிறது, குரலை நாங்களும் கேட்க முடியாது என்றது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன ஒன்று இருக்கிறது. இத்தனை நாள் அண்ணனுக்கும் அவர் நண்பர்களுக்கும் நடுவே மூன்றாவது காதாக இருந்தது நீங்கள்தான். அன்பான காதுதான், சந்தேகமில்லை. ஆனாலும் தங்கை கேட்டுச் சொல்லக்கூடாத பேச்சு என்று ஒன்று எல்லா அண்ணன்களுக்கும் இருக்கும். அந்த வசதி உரையாடலிலிருந்து ஒரு ஆளை வெளியே அனுப்பியிருக்கிறது. நான் பயந்தது உள்ளே நுழைகிற ஆளைப் பற்றி.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதத்தை யாராவது வாசித்துக் காட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். வாசிக்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எழுதுகிறவர் அவரையும் மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுவார். கடன், சண்டை, உடம்புக்கு முடியாமை எல்லாம் ‘மற்றவை நேரில்’ என்ற இரண்டு சொல்லுக்குள் போய்விடும். வாசித்தவர் வெளியே மூச்சு விட வேண்டியதே இல்லை. அவர் இருக்கிறார் என்பதாலேயே கடிதம் பாதியாகிவிடும்.

அந்த ஆளை வெளியேற்றியது எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன்: அனுப்புகிறவர் போனில் பூட்டி, பெறுகிறவர் போனில் மட்டுமே திறக்கிற ஏற்பாடு. 2016 ஏப்ரலில் வாட்ஸப் தன் பயனர்கள் எல்லோருக்கும் அதைக் கொண்டுவந்தது. சிக்னல் செயலியின் பூட்டும் முறையைத்தான் எடுத்துக்கொண்டது. இரண்டு போன்களுக்கு நடுவே போவதை அந்த நிறுவனமே படிக்க முடியாது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த வரிக்குக் காவல் நிற்பது கணிதம்.

தோழி கேட்கும் சுருக்கத்துக்கு வருவோம். அதற்குப் போனுக்குள் அடங்காத பெரிய ஏஐ மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) தேவைப்படுவதால், செய்திகள் போனை விட்டு வெளியே போகின்றன. இதற்காக 2025 ஏப்ரலில் வாட்ஸப் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. சர்வருக்குள் சீல் வைத்த ஓர் அறை; செய்திகள் அங்கே போய்ச் சுருங்கித் திரும்பும்; நிறுவனமே எட்டிப் பார்க்க முடியாது, எதையும் சேமித்து வைக்காது என்கிறார்கள். நாமாக இயக்கினால்தான் இயங்கும். இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன், பொறியாளர்கள் மெனக்கெட்டிருக்கிறார்கள். ஆனால் முன்பு ஒரு வரியில் சொல்ல முடிந்த வாக்குறுதிக்கு இப்போது பல பக்க விளக்கம் வேண்டியிருக்கிறது. கணிதத்தை மட்டும் நம்பினால் போதும் என்றிருந்தது போய், சிப்பை, அதைச் செய்தவரை, சீலைச் சோதித்தவரை எல்லாம் நம்ப வேண்டியதாகிறது.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. தோழி பொத்தானை அழுத்துகிறாள், போவதோ நீங்கள் எழுதியது. ‘அவள் போன், அவள் இஷ்டம்’ என்பது பாதி உண்மைதான். செய்திக்கு இரண்டு சொந்தக்காரர்கள் உண்டு. அப்படியானால் அண்ணன் மட்டும் நண்பர்களிடம் அனுமதி கேட்டாரா என்று நீங்கள் மடக்கலாம். நானும் யோசித்தேன். நண்பர் தன் குரலை எந்தப் போனுக்கு அனுப்பினாரோ, அந்தப் போனிலேயேதான் அது இருக்கிறது. உங்கள் முரண்பாடு இந்த இடத்தில் கரைந்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

வாட்ஸப்பில் ‘மேம்பட்ட உரையாடல் அந்தரங்கம்’ என்ற அமைப்பு (செட்டிங்) 2025 ஏப்ரலில் வந்தது. அதைப் போட்டுவிட்டால், அந்த உரையாடலை மற்றவர்கள் மொத்தமாக வெளியே எடுப்பதும் (எக்ஸ்போர்ட்) ஏஐ வசதிகளுக்குக் கொடுப்பதும் தடுக்கப்படும். ஸ்க்ரீன்ஷாட்டைத் தடுக்காது. போட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்கிறவர் தேடிப்போய்ப் போட வேண்டும், வேண்டும் என்கிறவர் மற்றவரைக் கேட்கவே வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

சுருக்கம் சரியாக வருமா என்பது தனிக் கதை. ஆப்பிள் போன்களின் அறிவிப்புச் சுருக்கம் 2024 டிசம்பரில் பிபிசி சொல்லாத ஒரு செய்தியைப் பிபிசி பெயரில் காட்டியது. பிபிசி புகார் செய்தது. அடுத்த மாதமே செய்திச் செயலிகளுக்கான சுருக்கத்தை ஆப்பிள் நிறுத்திவைத்தது. நம் வீட்டுக் குழுவுக்காக யார் புகார் செய்வது? அம்மா, “எனக்கு ஒண்ணுமில்ல, நீ வேலையப் பாரு” என்று எழுதினால், ‘அம்மா நலம்’ என்று சுருக்கம் வரும். அம்மா சொன்னது அதுவா?

பதிலையும் அதுவே எழுதித் தருவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஒரு முடிவைச் சொல்லிவிடுகிறேன். தயார்ப் பதில்களைப் பயன்படுத்தியபோது பேச்சு வேகமானது, இனிமையும் கூடியது. ஆனால் எதிராளி அப்படிப்பட்ட பதிலைத் தருகிறார் என்று சந்தேகம் வந்துவிட்டால், அவரைப் பற்றிய மதிப்பு இறங்கிவிடுகிறது. நம் பழைய தூதுப் பாடல்களில் கிளியையும் மேகத்தையும் தூது விட்டவர்கள் யாரும், என்ன சொல்வது என்பதைக் கிளியிடமே விட்டதாக எனக்கு நினைவில்லை.

உண்மையான ஆபத்து செயலிக்கு வெளியேதான் இருக்கிறது என்று இப்போது படுகிறது. மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் ‘ரீகால்’ என்ற வசதியை அறிவித்தது. கணினித் திரையைச் சில நொடிகளுக்கு ஒருமுறை படம் பிடித்து வைத்து, பிறகு தேடித் தரும். செயலிக்குள் ஏஐ இல்லவே இல்லை என்றாலும், திரையில் செய்தி தெரிகிறதே! கதவுக்குப் பூட்டு, கூரைக்கு ஓட்டை. ஒரு வருடம் கழித்து சிக்னல் ஒரு குறுக்கு வழி பிடித்தது: திரைப்படங்களைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யாமலிருக்க இருக்கும் டிஆர்எம் ஏற்பாட்டைத் தன் விண்டோஸ் 11 செயலியில் போட்டு, ரீகால் எடுக்கும் படத்தில் தன் பகுதி வெறுமையாக விழும்படி செய்தது. ஆனால் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்றவர்களுக்கு அதனால் இடையூறு வரலாம் என்று சிக்னலே சொல்லி, அணைத்துக்கொள்ளும் வழியையும் வைத்தது. ஒற்றர்களுக்கு எதிராக எழுப்பிய சுவரில் முதலில் முட்டிக்கொள்வது உங்கள் அண்ணனைப் போன்றவர்கள். ‘இடமே இல்லை’ என்று எழுதியபோது நானும் அந்தச் சுவரைத்தான் எழுப்பிக்கொண்டிருந்தேன்.

குழுவில் விட்டுப்போன செய்திகள் தெரிய வேண்டுமென்றால், தோழி உங்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு “என்னடி ஆச்சு?” என்று கேட்கட்டும். நீளமாகத்தான் வரும்; நடுவே வேறு நாலு கதையும் வரும்.

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. அதுதான் பிரச்சினையாக இருந்திருக்கிறது.