மண்ணீரல் எடுத்த நாய்க்கு சி.ஆர்.பி. ஏறினால் சீழா?

கேள்வி: எங்கள் லாப்ரடார் மணிக்கு 9 வயது. மண்ணீரலில் கட்டி என்று முந்தாநாள் மண்ணீரலையே எடுத்துவிட்டார்கள். நேற்று ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்) 96, வெள்ளையணுக்கள் 27,000. உடம்பு சுடுகிறது. உள்ளே சீழ் பிடித்துவிட்டதா?

பதில்: இந்த இரண்டு எண்களை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. வயிற்றைத் திறந்து ஓர் உறுப்பையே எடுத்திருக்கிறார்கள். கிருமி ஒன்றுகூட உள்ளே போகாவிட்டாலும் அறுபட்ட திசு சும்மா இருக்காது. அதிலிருந்து கிளம்பும் வேதிப்பொருட்கள் தூண்ட, கல்லீரல் சி.ஆர்.பி.யை ரத்தத்தில் கொட்டும். பொதுவாக லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருப்பது, அறுவைக்குப் பின் ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கும். ஆகவே மறுநாள் வந்த 96 என்னைப் பயமுறுத்தவில்லை. நாளை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இறங்கியிருந்தால் சரி. இறங்காமல் ஏறிக்கொண்டே போனாலோ, இறங்கிவிட்டு மீண்டும் ஏறினாலோ வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

வெள்ளையணுவை இந்த நேரத்தில் நான் அவ்வளவாக நம்புவதில்லை. மண்ணீரல் ரத்த அணுக்களைத் தேக்கி வைக்கிற இடம். அது போனபின் வெள்ளையணுவும், ரத்தம் உறைய உதவும் தட்டணுவும் கொஞ்ச காலம் கூடுதலாகவே காட்டும். ஸ்டீராய்டு போட்டிருந்தாலும் ஏறும்.

சூட்டைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். நம் கைக்கு எல்லா நாயும் சுடும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. அறுவைக்குப் பின் ஓரிரு நாள் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். தையல் ஓரம் லேசாகத் தடித்திருப்பதும் அப்படித்தான். நீர் கசிந்தாலோ நாற்றம் அடித்தாலோ விஷயம் வேறு.

ஈறு வெளுத்தால், வயிறு உப்பினால், துவண்டு விழுந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். உள்ளே ரத்தம் கசியலாம். மண்ணீரல் எடுத்த முதல் சில நாட்களில் இதயத் துடிப்பு தாறுமாறாவதும் உண்டு. வலிக்கு, மருத்துவர் எழுதியது மட்டும்தான். வீட்டில் கிடக்கும் ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம். நாய்க்கு அது குடல் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் கொண்டுவரும்.

அப்புறம், கட்டி புற்றா என்று பார்க்க அதைப் பயாப்சிக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். வயதான லாப்ரடாருக்கு அந்த முடிவுதான் சி.ஆர்.பி.யைவிட முக்கியம். உண்ணி மருந்தையும் இனி ஒரு மாதம்கூட விடக்கூடாது. மண்ணீரல் இல்லாத நாய்க்கு உண்ணி வழியே பேபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணி தொற்றினால் கடுமையாகப் படுத்திவிடும்.