ஏழாம் வகுப்புச் சேர்க்கையும் தடுப்பூசிச் சான்றும்

அன்புள்ள தம்பிக்கு,

கலிபோர்னியாவுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், ஏழாம் வகுப்பில் சேரவிருந்த மகளைத் தடுப்பூசிச் சான்று போதவில்லை என்று பள்ளி அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். ஊரில் எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்ட பிறகும் இப்படிக் கட்டாயப்படுத்துவது நியாயம்தானா என்றும் கேட்டிருந்தீர்கள். 2013-இல் என் மகளை இதே வகுப்பில் சேர்க்கப் போனபோது நானும் இதே கோபத்தோடுதான் வீடு திரும்பினேன்.

உங்கள் மகளுக்குப் பத்து வயதில் போட்டது டி.டி. ஊசியாக இருக்கும். அதில் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மருந்து உண்டு. கக்குவான் இருமலுக்கு இல்லை. இங்கே ஏழாம் வகுப்புக்குக் கேட்பது மூன்றும் சேர்ந்த டிடாப் என்னும் ஊசி. அதுபோலவே, நம் நாட்டு அரசு அட்டவணையில் இன்றுள்ள எம்.ஆர். ஊசி தட்டம்மையையும் ரூபெல்லாவையும் மட்டுமே தடுக்கும். இங்கே பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்த எம்.எம்.ஆர். இரண்டு தவணை வேண்டும். சின்னம்மை ஊசி நம் அரசு அட்டவணையிலேயே இல்லை. இங்கே அதுவும் இரண்டு தவணை. ஆகவே நீங்கள் எதையும் தவறவிடவில்லை, இரு நாடுகளின் அட்டவணைகள்தான் வேறு.

என் மகளுக்கு வந்த சிக்கல் இன்னும் வேடிக்கையானது. அவளது அட்டையில் எம்.எம்.ஆர். போட்ட நாள் 01-06-2002 என்று மருத்துவர் கையால் எழுதி முத்திரை குத்தியிருந்தார். அலுவலகத்தில் இருந்த அம்மையார் அந்த வரியில் பேனாவை நிறுத்தி, மாதத்தை முதலில் படிக்கும் இந்நாட்டு வழக்கப்படி அதை ஜனவரி 6 என்று எடுத்துக்கொண்டு, முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார். அது ஜூன் முதல் தேதி என்று அவருக்குப் புரியவைக்க, இங்குள்ள மருத்துவர் ஒருவரிடம் போய் மாதப் பெயர்களை எழுத்தால் எழுதி வாங்க வேண்டியதாயிற்று.

இனி நியாயத்துக்கு வருகிறேன். 2010-இல் இம்மாநிலத்தில் 9,000-க்கும் மேற்பட்டோருக்குக் கக்குவான் இருமல் கண்டு, பத்துக் கைக்குழந்தைகள் இறந்தன. ஆறு வாரம் நிறையாத சிசுவுக்குக் கக்குவான் இருமல் ஊசி எதையும் போட முடியாது. வளர்ந்த பிள்ளைக்கு வாரக்கணக்கில் நீளும் வறட்டு இருமலாகத் தெரிவது, அதே வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு மூச்சை நிறுத்திவிடும். அந்த ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படியே 2011 முதல் டிடாப் கட்டாயமானது. அதன் பாதுகாப்பு சில ஆண்டுகளில் கணிசமாகக் குறைந்துவிடுகிறது என்பதை நான் மறைக்கவில்லை. அப்படியும், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே கூடத்தில் நாள் முழுதும் கூடியிருக்கும் வயதில் அந்தச் சில ஆண்டுகளுக்காவது பாதுகாப்புத் தருவது சரி என்பதே என் கருத்து.

பெற்றோரின் விருப்பத்தை மீறுவது அத்துமீறல் அல்லவா என்ற கேள்வி இந்நாட்டில் பழையது. டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் எழுந்த வழக்கில், தடுப்பூசிச் சான்று இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1922-இலேயே தீர்ப்பளித்தது. டெக்சாஸில் இன்று மனசாட்சியின் பேரில் விலக்குக் கோரலாம். கலிபோர்னியாவிலோ, டிஸ்னிலாந்தில் தொடங்கிய தட்டம்மைப் பரவலுக்குப் பின் 2015-இல் இயற்றப்பட்ட எஸ்.பி. 277 என்ற சட்டம் சொந்த நம்பிக்கை சார்ந்த விலக்கை எடுத்துவிட்டது. மருத்துவக் காரணம் இருந்தால் மட்டுமே விலக்கு உண்டு. வீட்டிலேயே கல்வி பயிலும் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது.

நான் தயங்கும் இடம் ஒன்று உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியை வர்ஜீனியா, ரோட் ஐலண்ட், ஹவாய் போன்ற சில மாநிலங்கள் பள்ளிச் சேர்க்கைக்கான பட்டியலில் சேர்த்திருக்கின்றன; கலிபோர்னியா பரிந்துரைப்பதோடு நிற்கிறது. அந்தத் தொற்று இருமலாலோ தும்மலாலோ வகுப்பறையில் பரவுவதில்லை என்பதால், அதைக் காரணம் காட்டிப் பள்ளிக் கதவை அடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் போட வேண்டுமா என்று கேட்டால் தயங்காமல் போடுங்கள் என்பேன். பதினைந்து வயதுக்கு முன் தொடங்கினால் இரண்டு தவணையே போதும். என் மகளுக்கு டிடாப் போட்ட அன்றே மற்றொரு கையில் அதையும் போட்டுவிட்டோம்.

இப்போதைக்கு, ஊர் அட்டையோடு ஒரு குழந்தை மருத்துவரைப் பார்த்து, டிடாப்பைப் போட்டுக்கொண்டு, மற்றவற்றில் விடுபட்ட தவணைகளைத் தொடங்குங்கள். இரண்டாம் தவணைக்கு இடைவெளி தேவைப்பட்டால், அது முடியும்வரை நிபந்தனையின் பேரில் வகுப்பில் அனுமதிப்பார்கள். காப்பீடு இன்னும் தொடங்கவில்லையென்றால், குழந்தைகளுக்கான கூட்டரசுத் தடுப்பூசித் திட்டத்தில் மருந்து இலவசம். போட்டுவிடுவதற்கு மட்டும் சிறு கட்டணம் கேட்கலாம். தேதிகளில் மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.