நூறு நெல்லில் 74 முளைத்தால் விதை மோசமா?

கேள்வி: நீல அட்டை கட்டிய (சான்று பெற்ற) நெல் விதை வாங்கினேன். முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம் என்று போட்டிருக்கிறது. நூறு விதையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்தேன், 74தான் முளைத்தது. கடைக்காரரிடம் சண்டை போடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். விதை உண்மையிலேயே 80 சதவீதம் முளைக்கக்கூடியது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு பிடியில் 83 வரும், அடுத்த பிடியில் 77 வரும். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவுக்குத் திட்டப் பிழை என்று பெயர். முளைக்கும் பங்கு 0.8ஐ முளைக்காத பங்கு 0.2ஆல் பெருக்கி, விதை எண்ணிக்கை 100ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.04, அதாவது நூற்றுக்கு 4 விதை. உங்களுக்கு 6 குறைகிறது. 6ஐ 4ஆல் வகுத்தால் 1.5. 'குறைவு' என்று அடித்துச் சொல்ல, வழக்கமான 5 சதவீத வரம்பில் (நல்ல விதையை மோசம் என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 5க்கு மேல் போகாதபடி) அது 1.645ஐத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை.

உடனே கடைக்காரர், "பாத்தீங்களா, கணக்கே நல்ல விதைன்னு சொல்லிடுச்சு" என்பார். கணக்கு அப்படிச் சொல்லவே இல்லை. மோசம் என்று சொல்ல நூறு விதை போதவில்லை, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தைப் புள்ளியியல் வகுப்பில் ஒரு வரியில் தாண்டிவிட்டு, அட்டவணையைப் புரட்டத் தெரிந்தால் மார்க் போடுகிறார்கள்! அப்புறம், "இன்னொரு நூறு போட்டுப் பாருங்க" என்பார். 80 வரும்வரை போட்டு, வந்த அந்த ஒன்றை மட்டும் காட்டுவது பழைய வித்தை. எத்தனை விதை என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பரிசோதனை நிலையத்தில் போடுவதுபோல 400 போடுங்கள். மூட்டையின் வாயில் மட்டும் அள்ளாமல் அடி, நடு எல்லாம் கலந்து எடுங்கள். இப்போது திட்டப் பிழை 0.02. அதே 74 சதவீதம், அதாவது 296 விதை வந்தால், குறையும் 0.06ஐ 0.02ஆல் வகுக்க விடை 3; 1.645ஐ நன்றாகவே தாண்டிவிட்டது. தற்செயல் என்று யாரும் மழுப்ப முடியாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். புதிதாக அறுத்த நெல்லுக்கு விதை உறக்கம் உண்டு. உயிர் இருந்தும் முளைக்காது. நிலையத்தில் சூடு காட்டியோ வேறு வழியிலோ உறக்கத்தைக் கலைத்துவிட்டுச் சோதிப்பார்கள். உங்கள் சாக்கில் அது நடக்காது. அங்கே 80, இங்கே 60, இரண்டுமே உண்மையாக இருக்கலாம். 4,000 விதை போட்டாலும் இந்தத் தப்பு சரியாகாது. அறுவடை எப்போது என்று கேளுங்கள்; புதுசு என்றால் சில வாரம் விட்டுப் போடுங்கள். எத்தனையாவது நாள் எண்ணினீர்கள் என்றும் எழுதவில்லை. நெல்லுக்குக் கடைசிக் கணக்கு 14ஆம் நாள்.

அதன் பிறகும் 400 விதையில் விடை 3 வந்தால் பில், அட்டை, மிச்ச விதையோடு விதை ஆய்வாளரிடம் போங்கள். அவர் மாதிரி எடுத்து, அனுப்பி, முடிவு வருவதற்குள் நாற்றங்கால் பருவமே போய்விடும். அதற்காக நீங்கள் விதைப்பைத் தள்ளிப்போட வேண்டாம். வேறு விதை பாருங்கள்.